வாணலியைக் கழுவினால் போதுமா?

கிள்ளான் துறைமுகம்

இறாலும் நண்டும் ஆகாது என்று பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒரு காவல் ஏற்பாடு தொடங்கிவிடும். முதல் இரவே தலைமைப் பரிசாரகர் மேசைக்கு வந்து, யாருக்கு எது சேராது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அதன்பின் ஒவ்வோர் இரவும் மறுநாள் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுவார். தேர்ந்தெடுத்த உணவு சமையற்கட்டில் தனியாகத் தயாராகி, சீட்டு குத்திய மூடியோடு வந்து சேரும். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பம் மலாக்கா நீரிணையில் இப்படித்தான் சாப்பிட்டது. பன்னிரண்டு வயதுப் பையனின் தட்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் வரும். அவன் அதற்குப் பழகியிருந்தான்.

ஐந்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் இறால் வறுவல் தின்ற சில நிமிடங்களில் அவன் உதடு தடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அம்மாவின் இடுப்புப் பையில் அட்ரினலின் ஊசி இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தினால் மருந்து தானாக இறங்கும் பேனா வடிவ ஊசி. இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வரவழைத்தது.

கப்பலில் அவர்கள் கால் வைக்காத இடம் பஃபே கூடம். அங்கே பலகாரங்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். ஒருவர் இறால் தட்டில் போட்ட இடுக்கியை அடுத்த நொடி கோழித் தட்டில் வைத்துவிட்டுப் போவார். சமையற்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வரிசையில் நிற்பவர் கையை யாரும் பிடிக்க முடியாது. கப்பலிலும் முழு உத்தரவாதம் தருவோர் எவரும் இல்லை. ஆனாலும் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார், கீழ்த்தளத்தில் மருத்துவர் இருந்தார்.

பூலாவ் இண்டாவில் உள்ள கப்பல் முனையத்தில் பெட்டிகளோடு இறங்கியபோது அந்த ஏற்பாடு முழுவதும் கப்பலிலேயே தங்கிவிட்டது. இனி வடக்கே கடலோரமாகக் கோலசிலாங்கூர். அதற்கப்பால் தோட்டங்கள், வயல்கள், மீன்பிடி ஊர்கள். மலேசியாவில் கடலுணவுக்காக மக்கள் கார் எடுத்துக்கொண்டு தேடி வரும் கரை அது.

புக்கிட் ரோத்தான்

காப்பார், ஜெராம் என்று ஊர்கள் கடந்தன. சாலையின் இருபுறமும் செம்பனை, இடையிடையே மீன் வலை உலரும் முற்றங்கள். புக்கிட் ரோத்தானில் ஒரு வரிசை வீட்டின் முன் கார் நின்றதும், "பசியாறிட்டீங்களா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. அம்மாவின் தாத்தாவுடைய தம்பி 1930களில் சிலாங்கூர் தோட்டத்துக்குப் பால் மரம் (ரப்பர்) சீவப் போனவர். அவருடைய மகள்தான் இந்த அத்தை. பையனுக்குப் பாட்டி முறை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து, வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீட்டுக்கு வந்தவர்.

மேசையில் தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. விருந்தாளிகளுக்காக ஒட்டுக்கடையில் வாங்கிவந்த நாசி லெமாக் பொட்டலங்களும் இருந்தன. வாழையிலையைப் பிரித்தால் தேங்காய்ப்பால் சோறு, வறுத்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை, நடுவில் சிவப்பாகச் சம்பல். இறாலின் ஒரு கால்கூடக் கண்ணில் படவில்லை.

"அதுல ஊடாங் இல்லம்மா, வெறும் நெத்திலிதான்" என்றார் அத்தை, இறாலை மலாயில் சொல்லி. பொட்டலம் பையன் பக்கம் நகர்ந்தது. பாதி வழியில் அவர் கை நின்றது. "இரு, இரு. சம்பல்ல பெலாச்சான் போட்டிருப்பான்."

பெலாச்சான் என்பது நம் கடற்கரை மீன் சந்தைகளில் சென்னாகுனி என்று விற்கும் பொடி இறாலின் உறவு. உப்புப் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, நொதிக்க விட்டு, கட்டியாக அழுத்தி விற்கிறார்கள். ஒரு நகக்கண் அளவு கிள்ளிச் சுட்டு மிளகாயோடு அரைத்தால் ஒரு சட்டி சம்பலுக்குப் போதும். காய்ந்தாலும் நொதித்தாலும் நெருப்பில் சுட்டாலும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது இறால்தான். இறால் வகைகளில் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் புரதத்தின் பெயர் ட்ரோப்போமயோசின். வெப்பத்துக்கு எளிதில் மசியாத புரதம் அது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் தன் குணத்தை விடாது. இதே புரதத்தின் நெருங்கிய உருவங்கள் நண்டிலும் கரப்பானிலும் வீட்டுத் தூசிப் பூச்சியிலும் இருக்கின்றன. இரண்டு மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வர இது ஒரு காரணம். மேலை நாடுகளில் கடலை ஒவ்வாமை பேசப்படும் அளவுக்குத் தென்கிழக்கு ஆசியாவில் பேசப்படுவது இறாலும் நண்டும்தான்.

பொள்ளாச்சியில் இறால் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். சந்தையில் ஓர் ஓரம், அடுப்பில் ஒரு சட்டி, தெருவுக்கே தெரியும் வாசனை. விலகி நடப்பது சுலபம். இங்கே அது நம் சாம்பாரில் பெருங்காயம் போல: பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், போட்ட நினைவே அவர்களுக்கு இருக்காது. கீரை வறுவல் என்று வரும் காங்கோங்கில் பெலாச்சான். லொந்தோங் குழம்பில் காய்ந்த இறால். ரோஜாக் மேல் ஊற்றும் கறுப்புச் சாற்றில் இறால் விழுது. மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுவலின் மிளகாய் அரைப்பில் என்ன இருக்கிறது என்பது அந்தந்தக் கடைக்காரருக்கே வெளிச்சம். 'காய்கறி மட்டும் போதும்' என்று சொல்பவர்தான் இந்தக் கரையில் அதிகம் ஏமாறுவார்.

அத்தை அதோடு விடவில்லை. பசியாறி முடித்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய நாட்காட்டி அட்டையின் முதுகில் மலாயில் எழுதத் தொடங்கினார். ஊடாங், ஊடாங் கெரிங், பெலாச்சான், கெத்தாம், சின்சாலோக், பெத்திஸ் என்று வரிசையாக இறால், நண்டு, இறாலில் செய்த விழுதுகளின் பெயர்கள். இவற்றில் எது துளி பட்டாலும் இந்தப் பிள்ளைக்கு மூச்சடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்று கீழே ஒரு வரி. ஒவ்வாமை என்று பொதுவாகச் சொன்னால் சமையற்காரர் தலையாட்டிவிட்டுப் போவார், பொருளின் பெயரைச் சொன்னால்தான் அவர் கை அந்த டப்பாவின் மேல் தயங்கும் என்பது அத்தையின் கணக்கு. தோட்டத்துப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பல வருஷம் வேலை செய்த பெண்ணின் கணக்கு அது.

மலாவாத்தி மலை

கோலசிலாங்கூர் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சிறு குன்று. சிலாங்கூர் சுல்தானின் கோட்டை இருந்த இடம். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். மேலே பீரங்கிகள் இன்னும் நீரிணையைப் பார்த்திருக்கின்றன. 1907இல் ஆங்கிலேயர் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கமும் நிற்கிறது.

இன்றைக்கு மலையின் உரிமையாளர்கள் வெள்ளிச் சாம்பல் நிற இலைக்குரங்குகள். சாதுவானவை, தோளில் ஏறி உட்காரும். பிறந்த குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பையன் அங்கே நெடுநேரம் நின்றான். அவனுக்கு இந்த மலையில் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் குரங்குகளுக்குக் கொடுக்கவென்று வாங்கும் தீனியில் நிலக்கடலையும் உண்டு. கடலை ஆகாத பிள்ளையோடு வருபவர்கள் இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, குரங்கின் விரல், அடுத்த குழந்தையின் உள்ளங்கை எல்லாவற்றிலும் கடலைத் தூசு இருக்கலாம். அந்தக் கையோடு கண்ணைத் தேய்ப்பதும் விரலை வாயில் வைப்பதும் பிள்ளைகளின் இயல்பு. கையில் தடவும் சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத் துடைப்பான் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு விளையாட்டு மைதானமாக இருக்கும் இடம் இன்னொரு குடும்பத்துக்குப் பதற்றமாகிவிடுகிறது.

பாசிர் பெனாம்பாங்

ஊருக்கு எதிர்க்கரையில், சிலாங்கூர் ஆற்றின் வாயருகே இருக்கிறது இந்தச் சீன மீன்பிடிக் கிராமம். மரத்தூண்கள் மேல் நிற்கும் உணவகங்கள், கீழே சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள். வாசலில் கண்ணாடித் தொட்டிகளில் நண்டுகள் கொடுக்கு கட்டப்பட்டுக் கிடந்தன. பெரிய இறால்கள் தொட்டியின் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தன. பையனின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். இங்கே சாப்பிட்டே ஆக வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான்.

பையனுக்கு மீன் சேரும் என்பதுதான் இதற்குப் பதில். மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு, இறாலின் புரதம் வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகாமல் போக வேண்டும் என்பதில்லை. பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகு அவன் மீனை ஆசையாகச் சாப்பிட்டு வருகிறான். ஆற்றங்கரைக்கு வந்துவிட்டு அவனுக்கு மட்டும் ரொட்டித் துண்டு என்றால் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. சிக்கல் மீனில் இல்லை, மீனைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலும்.

அவர்கள் வந்தது கூட்டம் சேராத மாலை நேரம். அது வேண்டுமென்றே செய்தது. ஞாயிறு மதியம் நூறு பேருக்கு வாணலி வீசும் சமையற்காரரிடம் எந்த அட்டையும் எடுபடாது. உணவகத்தை நடத்தும் அம்மாள் அட்டையை இரண்டு முறை படித்தார், பையனைப் பார்த்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர்களைச் சமையற்கட்டின் வாசல்வரை அழைத்துப் போனார்.

அங்கே நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சமையற்காரர் ஒவ்வொரு தடவையும் வாணலியைக் கழுவுகிறார். குழாயைத் திறந்துவிட்டு, மூங்கில் துடைப்பத்தால் நாலு சுழற்று சுழற்றி, தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார். வாணலி பளிச்சென்று இருக்கும். ஆனால் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சட்டி. இறாலைக் கொதிக்கும் எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி வடிக்கும்போது அந்த எண்ணெய் அதே சட்டிக்குத்தான் திரும்பிப் போகிறது. அடுத்த கீரைக்கு அதிலிருந்துதான் ஒரு கரண்டி. அந்தக் கரண்டியும் ஒன்றே ஒன்று. எண்ணெயிலிருந்து வாணலிக்கு, வாணலியிலிருந்து சோயா சாற்றுக்கு, அங்கிருந்து சோளமாவுக் கரைசலுக்கு, மறுபடி வாணலிக்கு என்று அது ஓயாமல் போய் வந்தது. வாணலியைக் கழுவிவிட்டேன் என்று சமையற்காரர் சொன்னால் அது பொய்யே இல்லை. அதை நம்பிச் சாப்பிட்டவர் மருத்துவமனையில் இருப்பார் என்பதும் பொய்யில்லை.

அடுத்தது ஆவிச்சட்டி. அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். மேல் தட்டில் நண்டு வெந்தால் அதன் சாறு கீழ்த்தட்டு மீன்மேல் சொட்டும்.

அம்மாளும் அத்தையும் மலாயில் பேசிப் பேசி ஒரு வழி கண்டார்கள். மீன் தனிச் சட்டியில், தனி அடுப்பில் வேகும். மேலே வெறும் இஞ்சி, வெங்காயத்தாள், புதிதாக உடைத்த புட்டியிலிருந்து சோயா சாறு. சிப்பிச் சாறு வேண்டாம்; அதில் இருப்பது இறால் இல்லை, சிப்பி என்றாலும் அதையும் பையன் தொடுவதில்லை. கீரை வேண்டாம், ஏனென்றால் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டி அது வர வழியில்லை. முட்டையைப் புதுப் பொட்டல எண்ணெயில், வேறொரு சிறு வாணலியில் பொரித்துத் தருவார்கள். சோறு மின்சாரப் பானையிலிருந்து நேராக. சமையற்காரர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவியதை எல்லோரும் பார்த்தார்கள்.

மேசையைக்கூட அம்மாளே மாற்றிப் போட்டார். நண்டு வேகும் ஆவியில் கலந்து வரும் துளிப் புரதமே சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். காற்று ஆற்றிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. சமையற்கட்டின் ஆவி எட்டாதபடி காற்று வரும் பக்கம், வெளி ஓரத்தில் ஒரு மேசை கிடைத்தது. பெரியவர்கள் மூவரும் இறால் கேட்கவில்லை. ஒரே மேசையில் ஒருவர் கை இறாலை உரித்தால் அடுத்தவர் தட்டுக்குச் சிதற எவ்வளவு நேரம்?

மீன் வந்தது. பையன் முதலில் ஒரு சிறு துண்டை எடுத்துத் தின்றுவிட்டுக் காத்திருந்தான். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்காதது போல் இருந்தார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். இஞ்சித் துருவல் மீனின் முதுகில் சுருண்டு கிடக்க, சதை வெண்மையாகப் பிரிந்து வந்தது. அந்த ஆற்றுவாயில் அதைவிட எளிமையான சமையல் வேறு எதுவும் அன்று நடந்திருக்காது. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு மட்டும் கொஞ்சநஞ்சமில்லை. அந்த அம்மாள் அதற்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.

கம்போங் குவாந்தான்

உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். மின்மினி பார்க்கப் போகும் குடும்பங்கள் பொதுவாகக் கடலுணவு சாப்பிட்ட கையோடு படகேறுவார்கள். அப்படித்தான் எல்லாச் சுற்றுலாத் திட்டமும் அமைந்திருக்கிறது. இந்தக் குடும்பம் சாயங்காலமே சாப்பிட்டு முடித்ததற்கு அதுதான் காரணம். இருட்டு ஆற்றின் நடுவில், துடுப்புப் படகில், ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் யாரை அழைப்பது? படித்துறையில் விற்ற கெரோப்போக் என்ற மீன், இறால் அப்பளப் பொட்டலத்தையும் அவர்கள் வாங்கவில்லை. படகில் எதுவும் தின்பதில்லை என்பது அவர்களுக்கு அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

ஊசி இடுப்பில் இருந்தது, காரில் விட்டுவிட்டு வரவில்லை. பகலெல்லாம் வெயிலில் நிற்கும் காரின் வெப்பம் அட்ரினலினைக் கெடுத்துவிடும், பனிக்கட்டியில் புதைத்தாலும் ஆகாது. சாதாரண அறை வெப்பத்தில் இருக்க வேண்டிய மருந்து அது. பூமத்திய ரேகைக்கு அருகே அறை வெப்பம் என்பதே அபூர்வம். அதனால் வெப்பம் புகாத சிறு உறை.

இவ்வளவும் முடிந்தபின் ஆற்றில் இறங்கினார்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள். ப்டெரோப்டிக்ஸ் டெனெர் என்ற இனம். ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைகின்றன. ஒரு மரம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துவிடுவது தெரிகிறது. புகைப்படக் கருவியின் வெளிச்சம் கூடாது. துடுப்புக்காரர் ஒரு மரத்தருகே படகை நிறுத்தி, பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். யாரும் பேசவில்லை. அந்த வேளையில் அம்மாவும் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

தெனாமாராம், பெஸ்தாரி ஜெயா

மறுநாள் ஆற்றை ஒட்டி உள்நாட்டுப் பக்கம் போனார்கள். அங்கே பெஸ்தாரி ஜெயா. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். பழையவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்கருகே இருக்கும் தெனாமாராம் தோட்டத்துக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1917இல் ஆன்ரி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கேதான் மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பரிசு பெற்ற எழுத்தாளரின் தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். பரிசு அவர்கள் பெயரில் வரவில்லை.

அத்தையின் குடும்பம் இருந்தது வேறு தோட்டம் என்றாலும் கதை ஒன்றுதான். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியதற்குச் சற்று முன்பு அவருடைய அப்பா கப்பலேறினார். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது; லயங்கள் இடிந்தன; பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். "எங்கம்மாவுக்கு முதல்ல பெலாச்சான் வாசனையே பிடிக்காதாம்" என்றார் அத்தை காரில். ஆட்டுக்கறியும் கோழியும் எப்போதாவதுதான். நெத்திலி, கருவாடு, பெலாச்சான் இவைதான் மளிகைக்கடையில் கடனுக்குக் கிடைத்தவை. பெலாச்சானைக் கம்பியில் குத்தி அடுப்பில் சுட்டால் லயம் முழுக்க வாசம் பரவும். ஒரு தலைமுறைக்குள் தோட்டத்துத் தமிழர் சமையலில் அது நிலைத்துவிட்டது. இப்போது அத்தை வீட்டு ரசத்தைத் தவிர எதையும் கேள்வி கேட்காமல் சாப்பிட முடியாது என்று அவரே சொன்னார், வருத்தத்தோடு.

ஆனால் அன்று மதியம் கேள்வியே தேவைப்படாத ஓர் இடம் கிடைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன் கோயில் இருப்பது இந்தப் பகுதியின் வழக்கம். ஆட்கள் போனபிறகும் சில இடங்களில் கோயிலும் திருவிழாவும் மட்டும் தங்கிவிட்டன. விழாவுக்கு எல்லோரும் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் திரும்பி வருவார்கள். அத்தைக்குத் தெரிந்த ஒரு கோயிலில் அன்று அன்னதானம். கோயில் சமையற்கட்டுக்குள் மாமிசம் நுழைவதில்லை. அண்டா, கரண்டி, அரவை இயந்திரம், எண்ணெய்ச் சட்டி எதுவுமே இறாலைக் கண்டதில்லை. பாசிர் பெனாம்பாங்கில் ஒரு மீனுக்காகப் பட்ட பாடு எதுவும் இங்கே இல்லை. பையன் வரிசையில் எல்லோரோடும் உட்கார்ந்தான், எல்லோருக்கும் முன்னால் அவன் இலையில் சோறு விழுந்தது. கப்பலில்கூட அவனுக்கு அது வாய்க்கவில்லை.

ஒரு கூட்டின் அருகில் மட்டும் அவன் கை நின்றது. வளைந்து, ஓரம் சிவந்த துண்டுகள். சோயாவிலும் கிழங்கு மாவிலும் செய்த சைவ இறால்! மலேசியத் தமிழர் விருந்துகளில் இத்தகைய சைவ மட்டன், சைவ மீன் எல்லாம் சகஜம். பரிமாறிய அண்ணன் சிரித்துக்கொண்டே "பயப்படாதே தம்பி, மாவுதான்" என்றார். பொட்டலத்தை எடுத்து வரச் சொல்லி அம்மா உட்பொருள்களைப் படித்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பையன் தொடவில்லை. அது அவன் உரிமை.

இந்தக் கோயில் பந்தியே முந்திரியோ பாலோ ஆகாத இன்னொரு குழந்தைக்குப் பொறி. பாயசத்தில் இரண்டும் உண்டு, சாம்பார் தாளிப்பில் நெய் இருக்கலாம். எல்லோருக்கும் பாதுகாப்பான சமையற்கட்டு என்று எங்கும் எதுவும் இல்லை.

தஞ்சோங் காராங், செகிஞ்சான்

மறுபடி கடலோரச் சாலைக்கு வந்து வடக்கே திரும்பினால் செம்பனை விலகி நெல்வயல் தொடங்குகிறது. தஞ்சோங் காராங்கில் அப்பா காரை மெதுவாக்கி, மாவட்டத்தின் அரசு மருத்துவமனை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். அவசர எண் 999. ஊசி போட்டபின்னும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வருவதுண்டு. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், எழுந்து நடக்க விடக்கூடாது. மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம். அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. அந்த மாத்திரை தடிப்பை ஆற்றும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது.

செகிஞ்சானில் வயல்கள் அடிவானம்வரை ஒரே மட்டமாகக் கிடந்தன. மலேசியாவில் நல்ல விளைச்சலுக்குப் பெயர்போன ஊர். பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தென்னை இல்லாத பசுமை புதிது. கடல் பக்கம் போனால் மீன்பிடித் துறை, கெரோப்போக் கடைகள். அங்கேயே செய்து கட்டிய பைகள் தொங்கின. மீன் கெரோப்போக் ஒரு கொக்கியில், இறால் கெரோப்போக் அடுத்த கொக்கியில். இரண்டும் ஒரே மேசையில் அறுத்து, ஒரே பாயில் காய்ந்தவை. பையில் எழுத்தே இல்லை.

தொழிற்சாலைப் பொட்டலமாக இருந்தால் சட்டம் உதவும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் கீழ் மீன், முட்டை, பால், கடலை, சோயா, கோதுமை போன்றவை இருந்தால் பொட்டலத்தில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2020இன் விதிகள் இறால் வகைகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. பிரிட்டனில் 2016 ஜூலையில் நடாஷா என்ற 15 வயதுப் பெண், லண்டனிலிருந்து விமானம் ஏறுமுன் வாங்கிய ரொட்டியில் எள் கலந்திருந்தது தெரியாமல் தின்று உயிரிழந்தாள். கடையிலேயே கட்டி வைத்த உணவுக்கு அப்போது அங்கே முழு உட்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. பெற்றோர் விடாமல் போராடி, 2021 அக்டோபரில் அவள் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. செகிஞ்சானின் கொக்கியில் தொங்கும் பைக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே இருப்பது கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

துறைக்கு அருகே ஒரு மீ கடையில் அத்தை அட்டையை நீட்டினார். வெறும் மீன் உருண்டை சூப் கிடைக்குமா? கடைக்காரப் பெண் பானையை எட்டிப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "தா போலே" என்று தலையசைத்தார். முடியாது. சூப்புக்கு இறால் தலையைக் கொதிக்க வைப்பதாகவும், உருண்டை வரும் தொழிற்சாலையில் இறால் உருண்டையும் செய்வதாகவும் சொன்னார். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு பிள்ளைக்குச் செய்ய மாட்டேங்கிறாளே" என்று தமிழில் முணுமுணுத்தார்.

அம்மாவோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு ஊர், 'ஓகே, போலே, போலே' என்று சிரித்த முகத்தோடு ஒத்துக்கொண்ட கடைகளைத்தான் அவர்கள் அதிகம் பார்த்திருந்தார்கள். அவற்றில் பலவற்றிலிருந்து, அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வந்திருந்தார்கள். தன் பானைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து, விற்பனையை இழந்து, முடியாது என்று சொல்கிற சமையற்காரரைத்தான் இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் சீட்டு குத்தும் கப்பலிலும் கடைசியில் ஒருவர் இதைச் சொல்லத் துணிய வேண்டும்.

அந்தப் பெண் வெளியே வந்து, இரண்டு வரிசை தள்ளி இருந்த சீனச் சைவக் கடையைக் கைகாட்டினார். அங்கேயும் அட்டை மேசைமேல் வைக்கப்பட்டது. சிப்பிச் சாறு என்று எழுதியிருந்த புட்டியை அத்தை கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உட்பொருள்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். காளான், சோயா, சர்க்கரை, உப்பு, மாவு. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள், மறுபடி ஒருமுறை கேட்டார்கள். பிறகு நால்வருக்கும் மீஹூன் சொன்னார்கள்.